எந்த ஊர் ஓட்டு

பங்குனி 27, வெள்ளி

காலையிலேயே வெயில் சுள்ளென்று. களத்தில் பரப்பிய கொப்பரை காய்ந்துவிடும், அது ஒன்றுதான் நல்லது. ஆலங்குடி போய் பேங்க் வேலை, சாக்கு, கோழித்தீவனம். எதற்கும் போகவில்லை.

போகாததற்குக் காரணம் எதிரே டீக்கடையில் நடந்த சத்தம். வாக்காளர் பட்டியலை வைத்து யாரோ வாசித்திருக்கிறார்கள். எங்கள் களத்தில் மட்டை உரிக்கும் பினோத் பெயரும் அவன் மனைவி ஜமுனா பெயரும் அதில் இருக்கிறதாம். நம்ம ஊர்ப் பட்டியலில், நம்ம தெருவில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வரிசையில்.

"வடக்க இருக்கவனுக்கு இங்கிட்டு என்ன ஓட்டு?" இது டீ ஆற்றுகிறவர்.

"இன்னைக்கு ஓட்டு, நாளைக்குப் பஞ்சாயத்துத் தலைவர்." இது பெஞ்சில் இருந்து ஒரு குரல்.

பினோத் அப்போது அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தான். புரியாத மாதிரி நின்றான். புரியாமல் இல்லை. ஒடிசாக்காரன் என்றாலும் தமிழில் சண்டை போடும் அளவுக்குத் தமிழ் தெரியும். புயலில் விழுந்த தென்னைகளை அறுக்க வந்த கும்பலில் வந்தவன். கும்பல் போய்விட்டது, இவன் இருந்துவிட்டான். அடுத்த வருடம் ஜமுனாவைக் கூட்டி வந்தான். களத்துக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

ஒரு விஷயம். இந்த நோட்டில் கட்சிப் பெயர் எழுதுவதில்லை. தம்பி குமரேசன் வந்தால் கையில் கிடைப்பதையெல்லாம் புரட்டுவான். அப்பா காலத்திலிருந்து நாங்கள் போடுவது நம்ம கட்சி. எதிரே நிற்பது அவங்க கட்சி. புதிதாக முளைத்தவை எல்லாம் மற்றவை. இது போதும்.

பங்குனி 29, ஞாயிறு

தம்பி வந்தான். நம்ம கட்சிக்கு இந்த பூத்தில் அவன்தான் ஏஜென்ட். கழுத்தில் துண்டு, சட்டைப் பையில் இரண்டு போன். மீன் குழம்பு சாப்பிட்டான். கட்டுமாவடி மீன், நல்ல ருசி என்றுகூடச் சொல்லவில்லை. அவன் மனசு வேறு எங்கோ.

"அக்கா, ஓட்டுப் போடுற அன்னைக்கு பினோத்த எங்கிட்டாச்சும் அனுப்பிவிடு. அறந்தாங்கிக்கு லோடு ஏத்திவிடு. ரெண்டு பேரையும்."

"ஏன்டா?"

"அவன் அவங்க கூட்டணிக்குத்தான் போடுவான். ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாது. ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"வடக்கத்தி ஆளு வேற யாருக்குப் போடுவான்?"

பிறகு அவன் சொன்னதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. "பினோத் நல்லவன்தான்க்கா. நா பினோத்தச் சொல்லல. ஊருக்கு ஊரு இப்புடியே சேந்துக்கிட்டு வந்தா? டெல்லியில நம்ம பேச்சே எடுபடல. நம்ம ஊருக்குள்ளயும் நம்ம ஓட்டு எடுபடலைன்னா, அப்பறம் எங்க போயி பேச?"

நானும் இதைத்தான் நினைத்து வந்தேன். இத்தனை மொழி உள்ள நாட்டில் அவரவர் வீட்டை அவரவர் பார்க்க விட வேண்டும். ஒரே சாவியால் எல்லா வீட்டையும் பூட்டுகிறேன் என்று ஒருவன் வந்தால் அவனை நம்பக்கூடாது. இதில் எனக்கு இன்றும் மாற்றம் இல்லை.

ஆனால் தம்பி போன பிறகு பின்பக்கம் பார்த்தேன். ஜமுனா பாத்திரம் தேய்த்துக்கொண்டு, கோழியைத் துரத்திக்கொண்டு, "இங்கிட்டு வந்தியன்னா கால ஒடிச்சுப்புடுவேன்" என்கிறாள். கோழியிடம். இந்தத் தெருப் பெண்கள் பேசுகிற அதே இழுப்பு.

டெல்லி யார்? ஜமுனாவா டெல்லி? குழப்பம்.

சித்திரை 1, செவ்வாய்

வருடப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி, வடை, பாயசம். பினோத் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். மாலை நல்ல புழுக்கம், மழை வரும் போல் காட்டிவிட்டு வரவில்லை.

வெள்ளிக்கிழமை இவர் வருகிறார். மஸ்கட்டில் இருந்து. வருடத்துக்கு ஒரு மாத லீவு. இந்த வருடம் தேர்தலை ஒட்டிக் கேட்டு வாங்கியிருக்கிறார். "போன தடவ போட முடியல, இந்தத் தடவ போட்டே ஆகணும்" என்று போனில்.

இன்று பினோத்திடம் நேராகக் கேட்டேன். உரித்த காயை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் பினோத், ஒங்க ஊர்லயே ஓட்டு இருந்துச்சுல்ல? இங்க எதுக்கு மாத்துன?"

கையில் இருந்த காயை வைத்துவிட்டுச் சொன்னான்: "போன தடவ அங்க போயிப் போட்டேன்க்கா. போக வர வேலையெல்லாம் போச்சு. அவரு ஜெயிச்சாரு, ரோடு போட்டாராம். எனக்கு அந்த ரோட்டுல என்ன? நா இங்கல்ல நடக்குறேன்."

"சரி."

"எங்க வீட்டுப் பக்கம் தண்ணிக் குழாய் வரல. கவுன்சிலர்ட்ட கேட்டா, ஒனக்கு இங்க ஓட்டு இருக்கான்னு கேட்டாரு. அதான்."

யாருக்குப் போடுவான் என்பதை நாக்கு நுனி வரை வந்தும் கேட்கவில்லை. கேட்டால் தம்பிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்.

ஓட்டு இருக்கிறவனுக்குத்தான் தண்ணீர். இதைச் சொன்ன கவுன்சிலர் நம்ம கட்சி.

சித்திரை 4, வெள்ளி

திருச்சி ஏர்போர்ட். வெயிலில் நின்று தலைவலி. இவர் வந்தார். இளைத்திருக்கிறார், முடியில் சாயம். பெட்டி இரண்டு. வழியில் கீரனூர் தாண்டி வேட்பாளர் வேன் மறித்துக்கொண்டது. அவங்க கட்சி வேட்பாளர். போன தேர்தலில் இதே ஆள் நம்ம கட்சி மேடையில் நின்று அவங்க கட்சியைக் கிழித்தார். அந்தப் பேச்சைக் கேட்டு நான் கை தட்டினேன். இன்று அதே குரல், அதே கை ஆட்டம், துண்டின் நிறம் மட்டும் மாறியிருக்கிறது. பேசப்பட்ட விஷயங்கள்: தமிழ், தமிழர் மானம், மகளிருக்கு மாதாமாதம், மறுபடி தமிழர் மானம்.

இவர் கண்ணாடியை இறக்கி வேடிக்கை பார்த்தார். முகத்தில் சந்தோஷம். "அங்க இதெல்லாம் ஒண்ணுமே இல்ல செல்வி. ஒரு கொடி கெடையாது, மைக் கெடையாது. வாயத் தொறக்க முடியாது" என்றார். இருபது வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வந்த மனிதர். வேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

சித்திரை 6, ஞாயிறு

மோசமான நாள்.

வீட்டுக்கு பூத் சிலிப் வந்தது. அங்கன்வாடி டீச்சர் பூங்கொடிதான் இந்த பூத்துக்கு வாக்காளர் பட்டியல் வேலை பார்ப்பவர், அவரே கொண்டுவந்தார். எனக்கு ஒரு சிலிப். இவருக்கு இல்லை.

"அண்ணே பேரு நீக்கிருக்காங்க. வெளியூர் போயிட்டவருன்னு போட்டுருக்கு."

இவர் வாசலில் நின்று சிலிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் சிலிப்பை. அதன் பின்பக்கம் தன் பெயர் இருக்கும் போல.

"வெளியூரா? எம் பெட்டி உள்ள இருக்கு. நா இங்க நிக்கிறேன்."

"கணக்கெடுக்க வந்தப்ப ஆளு இருந்தாத்தான் அண்ணே. இந்தத் தெருவுல வெளிநாட்டுல இருக்கவுக பேரு நெறையப் போயிருக்கு. ஆட்சேபம் சொல்ல டயம் குடுத்தாங்க. யாரும் வரல."

பட்டியல் வந்தபோதே எங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத் தம்பியிடம் சொன்னேன். "நா பாத்துக்கிறேன்க்கா" என்றான். அவன் பார்த்தது வடக்கத்திப் பெயர்களை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்திருக்கிறான். மச்சான் பெயர் இல்லாதது அவன் கண்ணில் படவில்லை. இல்லாத பெயர் எப்படிக் கண்ணில் படும் என்கிறான் இப்போது.

இவர் அவனைத் திட்டவில்லை. பினோத்தைத் திட்டினார். களத்துக்கே போய்.

"எம் பேரு இல்ல. ஒம் பேரு இருக்கு. எப்புடிடா? இது எங்க அப்பன் பொறந்த ஊரு."

பினோத் குனிந்து உரித்துக்கொண்டே இருந்தான். ஜமுனாதான் வந்தாள். "அண்ணே, ஒங்க பேர எடுத்து எங்க பேரயா எழுதுனாக? ரெண்டும் வேற வேற" என்றாள். இவர் அவளை அடிக்கப்போகிற மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

உள்ளே வந்து கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. "மஸ்கட்ல ஒங்களுக்கு இருபது வருசத்துல ஒரு ஓட்டுக் குடுத்துருந்தா வேணாம்னு சொல்லிருப்பீங்களா?"

"அது வேற நாடு. இது என் நாடு."

"பினோத்துக்கும் இதான நாடு."

சட்டையைப் போட்டுக்கொண்டு கறம்பக்குடி போய்விட்டார். சாயங்காலம் வந்து காபி கேட்டார். கொடுத்தேன்.

எனக்கே என் பேச்சில் தெளிவு இல்லை. நாடு ஒன்று என்றால் பினோத் சரி. அவரவர் வீட்டை அவரவர் என்றால் தம்பி சரி. நான் இரண்டையும் நம்புகிறேன். இரண்டும் ஒரே மண்டைக்குள் எப்படி இருக்கிறது தெரியவில்லை.

இவருடைய பெரியம்மா குடும்பம் மலேசியாவில். அங்கே நம் ஆள் ஒருவர் தேர்தலில் ஜெயித்தார் என்று போன் வந்தபோது இந்தத் தெருவில் லட்டு கொடுத்தார்கள். நானும் தின்றேன். அந்த ஊர்க்காரன் டீக்கடையில் என்ன பேசியிருப்பான் என்று அப்போது தோன்றவில்லை.

சித்திரை 8, செவ்வாய்

வேலைகள்: கொப்பரை மூட்டை கட்டியது. மோட்டார் காயில் கருகிவிட்டது, மெக்கானிக் நாளைக்கு. இவருக்கு வயிறு சரியில்லை, மோர்.

இன்று அவங்க கட்சிக்காரர்கள் வந்தார்கள். என்னிடம் அல்ல, பினோத்திடம். ஒருவர் இந்தியில் பேச ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த இந்தி நாலு வார்த்தைதான் போலிருக்கிறது. பினோத் கேட்டுவிட்டு, "தமிழ்லயே சொல்லுங்கண்ணே, எனக்கும் இந்தி அவ்வளவா வராது" என்றான். கூட வந்தவர்களுக்குச் சிரிப்பு. அவன் பேசுவது ஒடியா என்றும், அதற்கு எழுத்தே வேறு என்றும் அவர்களுக்குத் தெரியாது. நம்ம கட்சிக்காரர்களுக்கும் தெரியாது. எனக்கும் முதல் இரண்டு வருடம் தெரியாது. விந்தியத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் ஒரே ஆள் என்று இரண்டு கட்சியும் நினைக்கிறது. ஒருவர் பயப்படுகிறார், ஒருவர் ஆசைப்படுகிறார், அவ்வளவுதான் வேறுபாடு.

போகும்போது என்னிடம்: "ஒங்க ஆளுங்கள நீங்கதான் கூட்டிட்டு வரணும்க்கா."

"அவுக என் ஆளு இல்ல. எங்கிட்ட வேல பாக்குறவுக" என்றேன். நல்லா சொன்னேன் என்று கொஞ்ச நேரம் பெருமை. பிறகு தம்பி போன் செய்தான். அவங்க கட்சி ஆட்கள் உன் களத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டான். குரலே சரியில்லை. "நீ எந்தப் பக்கம்னு எனக்கே தெரியலக்கா."

எனக்கும்தான்டா.

சித்திரை 10, வியாழன்

வாக்குப்பதிவு.

பள்ளிக்கூடத்தில் இரண்டு வரிசை. பெண்கள் பக்கம் வேப்பமர நிழல், ஆண்கள் பக்கம் வெயில். ஜமுனா எனக்குப் பின்னால், புதுச் சேலை, தலைக்குப் பூ. பினோத் ஆண்கள் வரிசையில். அவனுக்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் போல.

இவர் வர வேண்டாம் என்றேன். வந்தார். ஜன்னலுக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்த பூங்கொடியிடம் கடைசியாக ஒரு தடவை பட்டியலைப் பார்க்கச் சொன்னார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது.

நானும் பினோத்தும் ஒரே நேரத்தில் உள்ளே போனோம். அவன் அட்டையைக் கொடுத்தான். பெயர் வாசித்தார்கள். தம்பி ஏஜென்ட் பெஞ்சில் இருந்து எழுந்தான்.

"மேடம், ஆட்சேபம்."

அதிகாரி வெளியூர் டீச்சரம்மா, கண்ணாடி போட்டவர். கோபமும் இல்லை, பயமும் இல்லை. "என்ன ஆட்சேபம் சார்?"

"இவரு இந்த ஊர்க்காரரு இல்ல."

"அத நான் இங்க பாக்க முடியாது. லிஸ்ட்ல இருக்கவரும் இங்க நிக்கிறவரும் ஒரே ஆளான்னு மட்டும்தான் பாக்கலாம். இவர் அந்த ஆள் இல்லன்னு சொல்றீங்களா? பொய்யா இருந்தா ஒங்க மேல நடவடிக்க வரும்."

தம்பி மேசையைப் பார்த்தான். பிறகு, "சந்தேகமா இருக்கு" என்றான்.

தீபாவளிக்குத் தீபாவளி தம்பி போடும் பட்டாசுக் கடைக்குப் பெட்டி இறக்கிக் கொடுப்பதே பினோத்தான். சந்தேகமா இருக்கு.

அதிகாரி அட்டையையும் முகத்தையும் பார்த்தார். "போட்டோ சரியாத்தான் இருக்கு. இருந்தாலும் கேட்டுடறேன். இவரத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

உள்ளே ஆறேழு பேர் இருந்திருப்போம். எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் பேசவில்லை. நான் பேசவில்லை. இரண்டு வாரமாக இந்த நோட்டில் இத்தனை நியாயம் எழுதியவள். தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னல் பக்கம் இருந்து குரல் வந்தது.

"அது பினோத்துதான். எங்க களத்துல வேல பாக்குறவன். எனக்குத் தெரியும்."

இவர். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறார்.

"நீங்க யாரு சார்? ஒங்க ஓட்டு இந்த பூத்தா?"

"எனக்கு ஓட்டு இல்லம்மா. ஆளத் தெரியும்."

"ஓட்டு இல்லாதவங்க சொல்றத நான் எடுத்துக்க முடியாதே." அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அம்மா, ஒங்களுக்கு?"

"தெரியும்" என்றேன். அப்போதுதான். இவர் சொன்ன பிறகு, என்னைக் கேட்ட பிறகு.

தம்பி உட்கார்ந்துவிட்டான். "விடுங்க மேடம்" என்று மட்டும். பினோத் விரலில் மை. அதன் பிறகு ஜமுனா வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் மறைப்புக்குள் போய் நின்றேன். எவ்வளவு யோசித்திருந்தேன். கை தானாகப் பழைய இடத்துக்குப் போயிற்று. அப்பா காட்டிய சின்னம். கண்ணாடிக்குள் சீட்டு தெரிந்து விழுந்தது. சரியா தப்பா, ஒன்றும் தோன்றவில்லை. தண்ணி தாகம் மட்டும்.

சித்திரை 11, வெள்ளி

இவரிடம் கேட்டேன், ஏன் சொன்னீர்கள் என்று. ஷேவிங் செய்துகொண்டிருந்தார்.

"தெரியல. அந்தம்மா தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டுச்சு. ஒருத்தனும் வாயத் தொறக்கல. அங்க நா ஏர்போர்ட்ல எறங்குறப்பல்லாம் அப்புடித்தான் நிப்பேன். எவனாச்சும் வந்து இவன் நம்ம ஆளுன்னு சொல்றானான்னு பாத்துக்கிட்டு."

பிறகு, கண்ணாடியைப் பார்த்தபடியே: "ஆனாலும் அவனுக்கு ஓட்டு இருக்குறது எனக்குப் புடிக்கல."

இதை என்னவென்று எழுதுவது. இரண்டும் உண்மைதான் போல.

சித்திரை 15, செவ்வாய்

தம்பி வரவில்லை. போன் எடுப்பதில்லை. அவன் பெண்டாட்டி மட்டும் வந்து முருங்கைக்காய் கொடுத்துவிட்டுப் போனாள். "அவுக ரெண்டு பக்கமும் திட்டு வாங்குறாக" என்றாள். கட்சியில், ஏன் விட்டாய் என்று. ஊரில், ஏன் எழுந்தாய் என்று.

பூங்கொடி இரண்டு விண்ணப்பப் பாரம் கொண்டுவந்தார். ஒன்று உள்ளூர்க்காரர்கள் புதிதாகப் பெயர் சேர்க்க. இன்னொன்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. இவருக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்றார்.

இவர் அந்த இரண்டாவதை எடுத்து முழுக்கப் படித்தார். "இதுல கையெழுத்துப் போட்டா நா வெளிநாட்டுல இருக்கவன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"அங்கதானண்ணே இருக்கீக."

"வேல பாக்குறேன்மா. இருக்கல."

முதல் பாரத்தை எடுத்தார். அதில் ஒரு இடம், இந்த முகவரியில் எவ்வளவு காலமாக வசிக்கிறீர்கள் என்று. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறந்ததில் இருந்தா? இருபது வருடம் கழித்தா? வருடத்துக்கு ஒரு மாதம் என்று கூட்டியா? பூங்கொடி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். இவர் பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

"நீயே எழுது. எது சரின்னு படுதோ அத எழுது."

பினோத் வந்து டேங்க் கழுவினான். இவர் அவனுக்கு மஸ்கட் பேரீச்சம்பழம் ஒரு டப்பா கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு போனான்.

சித்திரை 18, வெள்ளி

நேற்று இவரைத் திருச்சியில் விட்டு வந்தேன். லீவு முடியவில்லை. கம்பெனியில் அவசரம் என்று கூப்பிட்டுவிட்டார்கள், இவரும் மறுக்கவில்லை. ஓட்டு எண்ணும் நாளுக்கு இருக்க மாட்டார். இருந்தும் என்ன என்கிறார்.

இன்று காற்று. தென்னை ஓலைச் சத்தம். கொப்பரை விலை இறங்கியிருக்கிறது. ஊரில் யார் ஜெயிப்பார்கள் என்ற பேச்சு குறைந்து, எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்ற பேச்சு. எங்கள் தெரு யாருக்கு என்று எல்லாரும் நிச்சயமாகச் சொல்கிறார்கள், ஆளுக்கு ஒன்று.

பாரம் இரண்டும் மேசை மேல். காற்றுக்குப் பறக்காமல் இருக்க தேங்காய் வைத்திருக்கிறேன். எழுதவில்லை.

மத்தியானம் போன் வந்தது.

"வந்து சேந்துட்டேன் செல்வி. ஏர்போர்ட்ல கூட்டம், லேட்டு. இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன்."

எப்போதும் ரூம் என்றுதான் சொல்வார். ரூமுக்கு வந்தேன், ரூமில் சமைத்தேன். இன்று வீடு என்றார். அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டேன்.